மலையில் விளைவதும் பொட்டலத்தில் வருவதும்

விளைபொருளைச் சமைத்தோ உலர்த்தியோ ஊறவைத்தோ செய்வது ஒருவகை உணவு. அதே விளைபொருளை ஆலையில் மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய், புரதம் என்று தனித்தனியாகப் பிரித்து, அவற்றில் சிலவற்றை வேதிமுறையில் மாற்றி, நிறமும் மணமும் ருசியும் கூட்டும் சேர்பொருள்களோடு மறுபடி கோத்து உருவாக்குவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைத்தான் ‘அல்ட்ரா ப்ராசஸ்டு ஃபுட்’, அதாவது அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு என்கிறார்கள். உடனடி நூடுல்ஸ், மசாலா தூவிய பாக்கெட் சிப்ஸ், கிரீம் பிஸ்கட், குளிர்பானம், வெந்நீரில் கரைத்தால் சூப்பாகிவிடும் பொடி எல்லாம் இதில் அடங்கும்.

இந்த வகை உணவைப் புரிந்துகொள்ள ஏற்காடு தோதான இடம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சேர்வராயன் மலையில் காப்பி, மிளகு, கொய்யா, ஆரஞ்சு, பலா. மலையைச் சுற்றிய சமவெளியின் மேட்டு நிலங்களில் மரவள்ளி. அந்தக் கிழங்கை அரைத்து மாவுச்சத்தைப் பிரிக்கும் ஆலைகள் சேலத்தைச் சுற்றிலும். பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடைகளில், தமிழ்நாட்டின் எந்த ஊரையும் போல, ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. விளைச்சல், பிரித்தெடுப்பு, பொட்டலம் என்ற மூன்று கட்டங்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

பதப்படுத்துவதே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையை உரலில் குத்தி உமி நீக்கியும், கேழ்வரகைத் திரித்துக் களி கிண்டியும் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தவர்கள். குத்துவதும் திரிப்பதும் பதப்படுத்தல்தான். சேலம் வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்று அழைக்கப்படும் மரவள்ளியைப் பச்சையாகத் தின்றால் அதிலுள்ள சயனைடு தரும் சேர்மங்கள் உடலைக் கெடுக்கும். தோலுரித்து நன்றாக வேகவைத்தால் அந்த நஞ்சு பெருமளவு நீங்கிவிடும். தீயும் உரலும் இல்லாவிட்டால் மனிதனுக்கு இந்தக் கிழங்கு உணவாகியே இருக்காது.

எனவே எவ்வளவு பதப்படுத்தினார்கள் என்பதோடு, எப்படி, எதற்காகப் பதப்படுத்தினார்கள் என்றும் பார்க்க வேண்டும். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டேரோ 2009-இல் முன்வைத்த ‘நோவா’ வகைப்பாடு உணவுகளை இந்த அடிப்படையில் நான்காகப் பிரிக்கிறது. கொய்யா, சாமை அரிசி, பால், முட்டை, கீரை ஆகியவை முதல் வகை. எண்ணெய், உப்பு, வெல்லம், மாவுச்சத்து போன்ற சமையல் சேர்மானங்கள் இரண்டாவது. இந்த இரண்டையும் கூட்டி எளிய முறையில் செய்யும் ஊறுகாய், கருவாடு, பாலாடைக்கட்டி மூன்றாவது. வீட்டு அடுப்பங்கரையில் யாரும் வைத்திருக்காத பொருள்களைக் கொண்டு ஆலையில் மட்டுமே செய்யக்கூடியது நான்காவது.

ஏற்காட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. பழத்தைப் பறித்து, கொட்டையை உலர்த்தி, வறுத்து, பொடித்து வடித்தால் கிடைக்கும் வரக்காப்பி முதல் வகையிலேயே நிற்கிறது. அதே காப்பி சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, கெட்டியாக்கப்பட்ட தாவரக் கொழுப்பு, பால்மம் குலையாமல் காக்கும் ரசாயனம் எல்லாம் சேர்ந்து, கிழித்துக் கொட்டும் ஒரு பொட்டலமாக வந்தால் நான்காம் வகை. தோட்டத்தில் காப்பி பறிப்பவர் அந்தப் பொட்டலத்தை வாங்கிக் கலக்கிக் குடிக்கும்போது, உள்ளே காப்பியைவிடச் சர்க்கரைதான் பல சமயம் அதிகமாக இருக்கிறது.

குச்சிக்கிழங்கின் பயணம் இன்னும் தெளிவாகப் பேசும். சேலத்து ஜவ்வரிசி ஆலையில் லாரியிலிருந்து இறங்கும் கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். அரைத்ததை நீரோடு சல்லடையில் வடித்தால் பால் போன்ற கரைசல் கீழே இறங்குகிறது. மேலே திப்பி தங்கிவிடுகிறது. தொட்டியில் தெளியவிட்ட பாலின் அடியில் வெள்ளை வெளேரென்று ஈரமாவு படிகிறது. அதைக் குலுக்கி உருட்டி, சூடேற்றி, வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசி. உலர்த்திப் பொடித்தால் ஸ்டார்ச். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான ஆலைகளுக்கு இதுதான் தொழில். 1981-இல் தொடங்கிய ‘சேகோசர்வ்’ கூட்டுறவு அமைப்பு அவற்றுக்கான விற்பனைக் களம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது திப்பி. கிழங்கின் நார் முழுதும் அதில்தான் இருக்கிறது. அது மாட்டுத் தீவனமாகப் போகிறது. மனிதனுக்கு வருவது நாரில்லாத மாவுச்சத்து. பண்டிகைப் பாயசத்தில் அவ்வப்போது சேரும் ஜவ்வரிசியால் பெரிய கேடு வந்துவிடாது. ஆனால் மாவுச்சத்தின் பயணம் அங்கே முடிவதில்லை. மரவள்ளியிலிருந்தோ மக்காச்சோளத்திலிருந்தோ எடுத்த ஸ்டார்ச்சை நொதிகளாலும் அமிலத்தாலும் உடைத்தால் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். நாக்கில் அவ்வளவாக இனிப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலோ சாதாரண வெள்ளைச் சர்க்கரையைவிட வேகமானது. சிப்ஸில் தூவும் மசாலா, சூப்புப் பொடி, ஊட்டச்சத்து பானம் என்று பலவற்றிலும் இது கலந்திருக்கிறது. இனிப்பே இல்லை என்று நினைத்துச் சாப்பிடும் காரப் பண்டத்தில்கூட உடல் சர்க்கரையைச் சந்திப்பது இப்படித்தான்.

உடனடி நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றின் பின்பக்கத்தைப் படித்தால் மைதா, பாமாயில், உப்பு என்று தொடங்கும். அடுத்து எண்கள்: 412 என்றால் கொத்தவரை விதைப் பசை, 501 அமிலத்தன்மையைச் சீராக்கும் உப்பு. மசாலாப் பொட்டலத்துக்குள் சர்க்கரை, ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின், நீராற்பகுத்த நிலக்கடலைப் புரதம், ருசியைத் தூக்கிக் காட்டும் 635, பழுப்பு நிறத்துக்கு 150டி. இவை அனுமதிக்கப்பட்ட பொருள்கள். தனித்தனியே எடுத்தால் பலவும் சிறிய அளவில் பாதுகாப்பானவை என்றே கருதப்படுகின்றன. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து எதைச் சாதிக்கின்றன என்பதுதான் கவலைக்குரியது. மலிவான மைதாவுக்கும் பாமாயிலுக்கும், கொதிக்கக் கொதிக்க இறக்கிய குழம்பின் மணமும் நிறமும் கிடைத்துவிடுகின்றன.

இதனால் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளில் முக்கியமானது, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் நடத்தி 2019-இல் வெளியிட்டது. பத்து ஆண்கள், பத்துப் பெண்கள் என்று 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் எளிய முறையில் சமைத்த உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம், மிச்சமும் வைக்கலாம். பதப்படுத்திய உணவின்போது அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை ஏறியது. மற்ற உணவுக்கு மாறியபோது அதே 0.9 கிலோ இறங்கியது. கூடுதலாகப் போனதெல்லாம் மாவுச்சத்தும் கொழுப்பும்தான். புரதத்தின் அளவு மாறவில்லை.

அவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. உணவு ருசியாக இருந்ததால் அதிகம் தின்றார்கள் என்றும் சொல்ல முடியாது. இரண்டு உணவுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ருசி மதிப்பெண் கொடுத்தார்கள். ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது: பதப்படுத்திய உணவை வேகமாகச் சாப்பிட்டு முடித்தார்கள். எளிய உணவின்போது பசியைத் தூண்டும் கிரெலின் குறைந்திருந்தது; வயிறு நிறைந்தது என்று சொல்லும் பிஒய்ஒய் என்ற ஹார்மோன் உயர்ந்திருந்தது.

பிரிட்டனில் 55 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தது. அங்கே இரண்டு வகை உணவும் அரசின் சத்துணவுப் பரிந்துரைக்கு உட்பட்டே தயாரிக்கப்பட்டன. இரண்டிலுமே எடை குறைந்தது. ஆனால் எளிய உணவில் எட்டு வாரத்தில் 2.06 சதவீதம் குறைய, பதப்படுத்திய உணவில் 1.05 சதவீதமே குறைந்தது. சத்துக் கணக்கு சரியாக இருந்தாலும் பதப்படுத்தும் முறைக்கென்று தனியாக ஒரு விளைவு இருக்கிறது.

அந்த விளைவுக்குக் காரணம் உணவின் கட்டமைப்பில் இருக்கிறது. ஏற்காட்டுக் கொய்யா ஒன்றைக் கடித்து மென்று விழுங்கச் சில நிமிடம் ஆகும். அதன் 100 கிராமில் 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. சர்க்கரை அந்த நார்ச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பல்லும் குடலும் உடைத்து உடைத்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். கொய்யா மணம் ஏற்றிய குளிர்பானத்தில் உடைக்க எதுவுமில்லை. 100 மில்லிக்கு 10 கிராம் சர்க்கரை உள்ள சாதாரண குளிர்பானம் 200 மில்லி குடித்தால், 20 கிராமைச் சட்டென்று குடலுக்குள் தள்ளிவிடும். 1977-இல் பிரிட்டனில் நடந்த எளிய சோதனை ஒன்றில், முழு ஆப்பிளைத் தின்ன 17 நிமிடம் எடுத்தவர்கள், அதே அளவு ஆப்பிளின் சாற்றை ஒன்றரை நிமிடத்தில் குடித்து முடித்தார்கள். வயிறு நிறைந்த உணர்வும் சாற்றில் குறைவாகவே இருந்தது. போதும் என்ற செய்தி குடலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் அளவில் ஆகும். வாயில் வைத்ததும் கரையும் சிப்ஸ் அந்தச் செய்தி கிளம்புவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

குடலில் வாழும் நுண்ணுயிர்களும் பாதிக்கப்படுகின்றன. அவற்றின் உணவு நார்ச்சத்து. அது இல்லாவிட்டால் அவை பட்டினி கிடக்கின்றன. எண்ணெயும் நீரும் பிரியாமல் வைத்திருக்கச் சேர்க்கும் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் (466), பாலிசார்பேட் 80 (433) ஆகிய இரண்டும் எலிகளின் குடல் சளிப்படலத்தை நுண்ணுயிர்கள் நெருங்கும்படி செய்து, மெல்லிய, நாட்பட்ட அழற்சியையும் உடல் பருமனையும் உண்டாக்கியதாக 2015-இல் தெரியவந்தது. பிறகு மனிதர்களிடம் 11 நாள் நடந்த சிறிய சோதனையில், முதல் பொருள் குடல் நுண்ணுயிர்களின் பன்மையைக் குறைத்தது. அந்தச் சோதனையில் கொடுத்தது நாளொன்றுக்கு 15 கிராம். அது சாதாரணமாக உண்பதைவிட அதிகம் என்பதால், இதை முடிந்த தீர்ப்பாக அல்லாமல் எச்சரிக்கை மணியாகவே கொள்ள வேண்டும்.

நீண்டகால விளைவுகளைப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், உணவில் இவ்வகைப் பண்டங்களின் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடினால் இதய, ரத்தநாள நோய் வாய்ப்பு 12 சதவீதம் கூடியிருந்தது. 2024-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட தொகுப்பாய்வு ஏறத்தாழ ஒரு கோடிப் பேரின் தரவுகளை உள்ளடக்கியது. இதயநோய் மரணம், இரண்டாம் வகை நீரிழிவு, உடல் பருமன், மனப்பதற்றம், மனச்சோர்வு, உறக்கக் குறைவு உட்பட 32 பாதிப்புகளோடு இந்த உணவுக்குத் தொடர்பு இருப்பதை அது காட்டியது. இவை கவனிப்பு ஆய்வுகள். ஒன்றோடொன்று சேர்ந்து வருவதைக் காட்டுமே தவிர, காரணத்தை அவை மட்டும் நிரூபித்துவிடாது. புகைப்பிடிப்பதும் வறுமையும் கணக்கைக் குழப்பலாம். ஆனால் இவற்றோடு மருத்துவமனைச் சோதனைகளும் எலிச் சோதனைகளும் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகத்துக்கான இடம் சுருங்கிவிடுகிறது. எல்லாப் பண்டங்களும் ஒரே அளவு தீங்கு செய்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குளிர்பானமும் பதப்படுத்திய இறைச்சியும் முன்வரிசையில் நிற்கின்றன. முழுத்தானிய ரொட்டி போன்றவற்றில் தீங்கு தென்படாத ஆய்வுகளும் உண்டு.

இந்திய உடலுக்கு ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. மெலிந்த கைகால்களுக்குள்ளும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் தன்மை இந்தியக் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருப்பதைப் புனே மருத்துவர் யாஜ்னிக் காட்டினார். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் மிகை எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இதற்கு முழுப் பொறுப்பையும் பொட்டலங்களின் மேல் போட முடியாது. வெள்ளைச் சோறும் உடலுழைப்புக் குறைவும் பங்காளிகள்தான். ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசில் பொட்டலம் கூடுதல் எடைக்கல்லாக விழுகிறது.

மலைக் கிராமங்களில் உணவு மாறியதற்கு வெறும் ஆசை காரணமல்ல. சாமையை உமி நீக்குவது முதுகொடியும் வேலை. அந்த உலக்கை பெண்கள் கையில்தான் இருந்தது. கூப்பிடு தூரத்தில் அரவை இயந்திரம் இல்லை. நியாயவிலைக் கடை அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் வந்தது. பசியைத் தீர்த்த பெரிய நன்மை அது. அதைக் குறை சொல்வதற்கில்லை. கூடவே சாமையும் கேழ்வரகும் தட்டிலிருந்து விலகின. கேழ்வரகின் 100 கிராமில் 11 கிராம் நார்ச்சத்தும் 364 மில்லிகிராம் கால்சியமும் உண்டு. தீட்டிய அரிசியில் நார் மூன்று கிராமுக்கும் குறைவு. கால்சியம் பத்து மில்லிகிராம்கூட இல்லை. அண்டையிலுள்ள கொல்லிமலையில் மரவள்ளி போன்ற பணப்பயிர் சிறுதானியத்தின் இடத்தைப் பிடித்தபோது, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே முதலில் கவனித்தவற்றுள் ஒன்று உமி நீக்கும் சிறு இயந்திரம். உலக்கையின் பாரம் குறையாமல் சாமை தட்டுக்குத் திரும்பாது என்பதை அந்தப் பணி சரியாகவே புரிந்துகொண்டது.

விடிவதற்குள் தோட்ட வேலைக்குக் கிளம்பும் தாய்க்கு, குழந்தையின் கையில் கொடுக்க ஐந்து ரூபாய் பிஸ்கட்டைவிடச் சுலபமானது எதுவுமில்லை. சாதாரண குளுக்கோஸ் பிஸ்கட்டின் 100 கிராமில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மைதாவும் எண்ணெயும். குழந்தையின் வயிறு சிறியது. பிஸ்கட்டால் நிறைந்துவிட்டால் பருப்புக்கும் முட்டைக்கும் இடமிருக்காது. எடை குறைந்த குழந்தைக்கு இது இரட்டைக் கேடு: இன்றைக்கு இரும்புச்சத்தும் புரதமும் கிடைக்காது, பின்னாளில் நீரிழிவுக்கான வாசலும் திறந்திருக்கும். பல்லில் ஒட்டிக்கொள்ளும் மாவும் சர்க்கரையும் சொத்தைப் பல்லுக்குக் காரணமாவது தனிக்கதை.

இதற்கு நல்ல மாற்று ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் ஆகியவற்றைச் சூடாகச் சமைத்துப் போடுகிறார்கள். அங்கன்வாடிச் சத்துமாவு உருண்டையும் நல்ல மாற்றுதான். பிஸ்கட் கூடாது என்று தாய்க்கு அறிவுரை சொல்வதைவிட, காலை எட்டரை மணிக்குப் பள்ளியில் சாம்பார் கொதிப்பது பலமடங்கு பயனுள்ள மருத்துவம்.

பழைய உணவெல்லாம் அமிர்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஊறுகாயிலும் கருவாட்டிலும் உப்பு மிகுதி. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஏற்காட்டு ஏரிக்கரைக் கடைகளில் மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயில் பொரிக்கும் பஜ்ஜி நோவா கணக்கில் நான்காம் வகை ஆகாது என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. வேகவைத்த குச்சிக்கிழங்கிலும் 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவே புரதம். மொச்சையோ மீனோ பக்கத்தில் இருந்தால்தான் அது முழு உணவு.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறைகள், இவ்வகைப் பண்டங்களைக் குறைக்கும்படி தெளிவாகவே சொல்கின்றன. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை விற்கக் கூடாது என்பது 2020-இல் வந்த விதி. சிலி நாட்டில் 2016 முதல் இத்தகைய பொட்டலங்களின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. இந்தியாவில் முன்பக்க முத்திரை பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இழுபட்டதால், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே அதற்குக் கெடு வைக்க நேர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் ஒரே பார்வையில் புரியும் குறி அவசியம். அதைத் தள்ளிப்போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் சேர்மானங்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்ற சட்டம் இந்தியாவில் இருக்கிறது. எது அதிகமோ அது முதலில் வரும். குழந்தையின் கையில் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களையாவது படித்துப் பாருங்கள்; மைதா, சர்க்கரை, பாமாயில் என்று இருந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, பக்கத்துக் கூடையில் இருக்கும் கொய்யாவை வாங்கிக் கொடுங்கள்.